சாவியைப் பையில் போட்டுவிட்டு வாருங்கள்

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், டாக்டர். உங்கள் எலிகள் உயிரோடு இருக்கின்றன. நேற்று மதியம் தொலைபேசியில் இதைச் சொன்னவர் விலங்குக் கூடத்தின் பொறுப்பாளர் நஞ்சப்பா. கேட்டதோடு விடாமல் சாயங்காலமே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பின் அறையில், ஜன்னலை ஒட்டிய இரும்பு அடுக்கில் இருக்கின்றன. கூண்டுகளின் முகப்பில் தொங்கும் அட்டைகளில் இன்னமும் உங்கள் பெயர்தான் இருக்கிறது. மை மட்டும் பழுப்பாகிவிட்டது.

கதவைத் திறந்ததும் அந்த வாடை. உமியும் மூத்திரமும் பினாயிலும் கலந்தது. நீங்கள் போய் இத்தனை வருஷம் கழித்து, உங்கள் படத்தைப் பார்த்தபோது வராத துக்கம் அந்த வாடையில் வந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கதவுக்கு வலப்புறம் ஆணிகளில் ஃபிளானல் துணிப் பைகள் தொங்கின. நீங்கள் தைத்தவை. அவற்றுக்கு மேலே கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்கள் எழுதி ஒட்டிய வரி: சாவியைப் பையில் போட்டுவிட்டு வாருங்கள்.

செய்தியின் மறுபாதி இது. கூடத்தை இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறார்கள். புதுக் கட்டடத்தில், தனியாக ஆய்வகம் நடத்தும் ஒருவரின் பெயரில் இருக்கும் விலங்குகளுக்கு மட்டும்தான் இடம். இறந்தவர் பெயரில் கூண்டு தர விதியில்லை என்று நிர்வாகம் எழுத்தில் சொல்லியிருக்கிறது, நகலைப் படித்தேன். உங்களிடம் வேலை செய்த ரேவதி அந்த எலிகளைக் கேட்கிறாள். ஆனால் அவள் இன்றைய தேதியில் இன்னொருவருடைய ஆய்வகத்தில் இருப்பவள். அவள் பெயரில் தர முடியாது. யாரும் உரிமை கோராத எலிகளைக் கடைசி நாளன்று வாயுப் பெட்டியில் வைத்து முடித்துவிடுவார்கள்.

இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நாம் சந்தித்ததும் இந்த எலிகளால்தான். தொண்ணூற்றொன்று டிசம்பர், காவிரிக் கலவரம். ஊரடங்கு போட்டிருந்தார்கள். ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் பார்த்ததைக் குறித்துக்கொண்டு, கண்டோன்மெண்ட் பக்கம் எப்படி இருக்கிறதென்று பார்க்க ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் பிரஸ் என்று ஒட்டியிருந்தது. சட்டைப் பையில் ஊரடங்கு பாஸ் இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுன் முனையில் ஒரு கான்ஸ்டபிள் லத்தியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்க, எதிரே புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக நீங்கள். கையில் ஒரு பெரிய துணிப்பை, நிறைய சௌசௌ காய்கள்.

"இலிகளிகெ நீரு ஹாக்பேக்கு சார்" என்று கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தீர்கள். எலிகளுக்குத் தண்ணீர் வைக்க வேண்டுமாம்.

"ஊரே உரீத்தா இதெ. இலிகெ நீரா?" என்றார் அவர். ஊரே எரிகிறது, எலிக்குத் தண்ணீரா என்று அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. கேலி செய்யக்கூட அவருக்குத் தெம்பில்லை. முந்தைய நாளிலிருந்து தூங்காத முகம்.

நீங்கள் என் ஸ்கூட்டரைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்து, பல நாள் பழகியவர்போல, "ஏன் இவ்ளோ லேட்?" என்றீர்கள். கன்னடத்தில்தான். நான் வாயைத் திறக்கவில்லை. என் கன்னடத்தில் தமிழ் வாடை அடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அது அடிக்கக்கூடாத நாள். நீங்கள் பின்னால் ஏறி உட்கார்ந்தீர்கள். கான்ஸ்டபிள் லத்தியைத் தாழ்த்தி, "ஹோகி, ஹோகி" என்று விட்டுவிட்டார். இரண்டு திருப்பம் தாண்டியபின்தான் தமிழில் பேசினீர்கள். "மன்னிச்சுக்கோங்க. பேரு கூடத் தெரியாது உங்களுக்கு. நான் மூளை ஆராய்ச்சி பண்றவ. ரெண்டு நாளா யாரும் உள்ள போகல. பாட்டில் காலியாயிருக்கும். குட்டி போட்டதுங்க இருக்கு."

"சௌசௌ எதுக்குங்க?"

"குழாய்ல தண்ணி வரலைன்னா? காய்லயே தண்ணி இருக்குல்ல. எங்க வீட்டுக் காம்பவுண்ட்ல படர்ந்து கெடக்கு. அக்கா திட்டிட்டே பறிச்சுக் குடுத்தா."

கூடத்தின் வாசலில் கையை நீட்டினீர்கள். "சாவி." ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன் என்று நினைக்கிறீர்களோ என்று தோன்றியது. சாவியை வாங்கிக் கைக்குட்டையில் இறுக்கிச் சுற்றி வெளியே வைத்தீர்கள். அப்போது பைகள் வந்திருக்கவில்லை. உள்ளே போனபிறகு சன்னமான குரலில் விளக்கினீர்கள். சாவிக்கொத்தைக் குலுக்கினால் வரும் ஓசைக்கு வலிப்பு வரும் எலிகள் இவை. முதலில் ஒரே ஒரு எலிக்கு வந்தது. கூண்டைப் பூட்ட வந்த யாரோ சாவியைக் குலுக்கியபோது அது துள்ளி விழுந்ததை நீங்கள் பார்த்தீர்கள். எல்லாரும் அதை நோய் எலி என்று கழித்துவிடச் சொன்னார்கள். நீங்கள் அதை வளர்த்து, அதன் குட்டிகளில் வலிப்பு வருபவற்றைப் பிரித்து, அவற்றுக்குள்ளேயே சேர்த்து, ஒரு தனி வம்சமாக்கிக்கொண்டிருந்தீர்கள். இருபது தலைமுறை இப்படிப் போனால்தான் உலகம் அதை ஒரு வகை என்று ஒப்புக்கொள்ளும். நடுவில் ஒரு தலைமுறை தண்ணீரில்லாமல் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சாலையில் ஒரு போலீஸ் வண்டி சைரனோடு போனது. ஒரு எலி கூண்டைச் சுற்றிக் கண்மண் தெரியாமல் ஓடியது, சாய்ந்தது, கால்கள் வெட்டி இழுத்தன. நான் முகத்தைத் திருப்பினேன். நீங்கள் என் முழங்கையைத் தொட்டு, "ஆரம்பத்தை விடுங்க. நிக்கறதைப் பாருங்க" என்றீர்கள்.

பார்த்தேன். கால்களின் வெட்டல் மெதுவானது. நின்றது. கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் போட்ட சௌசௌ துண்டை முகர்ந்தது.

"யாரு நிறுத்தினது? நானா, மருந்தா? அதுவா நிறுத்திக்கிச்சு. வலிப்பு எப்படி ஆரம்பிக்குதுன்னு உலகத்துல எல்லாரும் கேக்கறாங்க. எப்படி நின்னுச்சுன்னு கேக்கத்தான் ஆளில்ல."

அன்று எழுதிய செய்தியின் கடைசியில் இந்த எலிகளைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருந்தேன். எங்கள் தலைமை உதவி ஆசிரியர் அதை அடித்துவிட்டு, "மனுஷன் பயந்து செத்துட்டிருக்கான், நீ எலி எழுதறியா?" என்றார். அவர் பக்கமும் சரிதான். அந்தப் பத்தியை இப்போதுதான் எழுதுகிறேன்.

அதற்கப்புறம் அந்தப் பக்கம் செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம் கான்டீனில் உங்களைப் பார்ப்பது வழக்கமானது. பை-டூ காபி. ஒரு காபியை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். உங்கள் பங்கில் எப்போதும் நுரை அதிகம் என்று சண்டை போடுவேன். என்னைக் கடைசிவரை "ரிப்போர்ட்டர் சார்" என்றுதான் கூப்பிட்டீர்கள். கேலிதான் அது.

உங்கள் தொழிலின் வழக்கங்கள் எனக்குப் புரிய நாளானது. ஒருமுறை ஆய்விதழில் வந்த உங்கள் கட்டுரையைக் காட்டினீர்கள். முதலில் உங்கள் பெயர், பிறகு நாலைந்து பெயர்கள், கடைசியில் பேராசிரியர் பெயர். எல்லாரும் அவரை 'சார்' என்று மட்டும் சொல்வீர்கள். அந்த ஆய்வகத்தை உண்டாக்கியவர்.

"எங்க பத்திரிகைல எழுதினவன் பேரைப் போட்டா முடிஞ்சுது" என்றேன். "இங்க என்ன கல்யாணப் பத்திரிகை மாதிரி இத்தனை பேர்?"

"முதல் பேரு கை. கடைசிப் பேரு தலை. நடுவுல இருக்கறவங்க எல்லாம் விருந்தாளி."

"இந்த வேலைல உங்க சார் என்ன பண்ணாரு?"

"அந்த வருஷம் முழுக்க வெளிநாட்டுல இருந்தாரு."

"அப்புறம்?"

காபித் தம்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "அவர் கேக்கவே இல்ல. நானாத்தான் போட்டேன். அவர் பேரில்லாம அனுப்பறது, தலை வாராம சர்ச்சுக்குப் போற மாதிரி இருந்துச்சு."

வலிப்பு எப்படி நிற்கிறது என்று நீங்கள் முதன்முதலாகக் கேட்ட கட்டுரை அதுதான். வம்சத்தில் சில எலிகளுக்கு வளர வளர வலிப்பு வருவது தானாகவே நின்றுபோகிறது என்று அதில் சொல்லியிருந்தீர்கள். பேராசிரியருக்கு அவற்றில் ஆர்வமில்லை. அவர் ஆராய்ந்தது தொடக்கத்தை. வலிப்பு நின்றுபோன எலிகள் அவர் கணக்கில் கெட்டுப்போன எலிகள். மாதாமாதம் அவற்றைக் கழித்துவிட வேண்டும் என்பது ஆய்வகத்தின் முறை. அந்த நாட்களில் நீங்கள் கான்டீனுக்கு வரமாட்டீர்கள். ஏதோ சாக்குச் சொல்லிச் சிலவற்றை மட்டும் மிச்சம் பிடித்துப் பின் அறை அடுக்கில் வைத்திருந்தீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் அந்த ஃபெலோஷிப் வந்தது. அறிவிப்பைப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தது நான். மூளை ஆராய்ச்சியில் பல வருஷம் பிறருடைய ஆய்வகத்தில் வேலை செய்து, நடுவயதை எட்டியவர்களுக்கானது. ஐந்து வருஷத்துக்குத் தனி அறை, தனி ஆட்கள், சொந்தக் கேள்வி. ஓர் ஆய்வகத்தை எப்படி நடத்துவது, ஆட்களை எப்படி வளர்ப்பது என்று பயிற்சியும் உண்டு. படித்துவிட்டு, "தலைவர் ஆகறதுக்குப் பள்ளிக்கூடமா?" என்று சிரித்தீர்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி படித்தீர்கள். அந்தப் பின் அறை எலிகளைக் கொல்லாமல் வைத்திருக்க உங்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

முதல் தடவை கிடைக்கவில்லை. நேர்முகத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் சொன்னதை அப்படியே தருகிறேன். உங்கள் சிறந்த கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு, கடைசிப் பெயர் உங்களுடையது இல்லையே, இந்தக் கேள்வி யாருடையது என்று கேட்டார்கள். நீங்கள், "ஆய்வகத்தினுடையது" என்றீர்கள்.

"உங்களோடதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். எனக்குக் கோபம்.

"வாயில வரல, ரிப்போர்ட்டர் சார். பதிமூணு வருஷமா சொல்லாத வார்த்தை. திடீர்னு ரூம்ல நாலு பேர் முன்னாடி எப்படி வரும்?"

தனித்து இயங்கும் திறன் நிறுவப்படவில்லை என்று பதில் வந்தது. விதிப்படி இன்னும் ஒரே ஒரு தடவை விண்ணப்பிக்கலாம். அதோடு உங்கள் பணிக்கால வரம்பு முடிந்துவிடும். பிறகு ஓய்வு பெறும்வரை இன்னொருவருடைய கையாகவே இருக்க வேண்டும்.

இரண்டாம் தடவை தேர்வுக் குழு ஆய்வகத்துக்கே வந்து பார்த்தது. அன்றைக்கு நடந்ததைப் பற்றி நீங்கள் அதிகம் பேசியதில்லை. நான் இங்கே எழுதுவது நஞ்சப்பாவும் ரேவதியும் தனித்தனியாகச் சொன்னது. இரண்டும் ஒத்துப்போகின்றன.

பேராசிரியர் நல்ல மனநிலையில் இருந்தார். குழுவினரைத் தானே அழைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "இவங்க என்னோட வலது கை. இவங்க இல்லாம என் லேப் ஒரு நாள் ஓடாது" என்று உங்களைக் காட்டிச் சொன்னார். மனதார, பெருமையாகச் சொன்னார். அந்தப் பாராட்டில் உங்கள் விண்ணப்பம் பாதி செத்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. குழுவில் ஒரு வயதான அம்மாள், கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாரும் சாவியைப் பையில் போட்டார்கள். பேராசிரியர் போடவில்லை. வலிப்பைக் காட்டுவதற்காகத் தன் சாவிக்கொத்தை உள்ளே கொண்டுபோனார். நேராகப் பின் அறைக்குப் போய், கைக்கு எட்டிய கூண்டின் முன்னால் குலுக்கினார். அது எந்த அடுக்கு என்று அவர் பார்க்கவில்லை. வலிப்பு நின்றுபோன எலி அது. ஒன்றும் நடக்கவில்லை. வந்திருப்பவர்கள் முன்னால் எலி சும்மா உட்கார்ந்திருந்தது அவருக்குச் சங்கடம். இன்னும் பக்கத்தில் வைத்து, இன்னும் வேகமாகக் குலுக்கினார். எலி ஓடத் தொடங்கியது. விழுந்தது. அவர் குலுக்குவதை நிறுத்தவில்லை. குழுவினர் பக்கம் திரும்பி விளக்கிக்கொண்டே குலுக்கினார்.

"போதும் சார்" என்றீர்கள் நீங்கள்.

அவருக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டும் பொருட்படுத்தவில்லை. இந்த ஒன்றில் மட்டும் ரேவதியும் நஞ்சப்பாவும் வேறுபடுகிறார்கள். நீங்கள் போய் அவர் கையைப் பிடித்தீர்கள். விரல்களிலிருந்து கொத்தை எடுத்து, ஓசை வராமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டீர்கள். அந்த ஆய்வகத்தில் யாரும் அவர் கையைத் தொட்டதில்லை.

எலியின் கால்கள் நின்றன. மூச்சும் நின்றிருந்தது. கூண்டைத் திறந்து அதை எடுத்து, ஒரு விரலால் நெஞ்சை அழுத்திப் பார்த்தீர்கள், வெகுநேரம். வரவில்லை.

"ஒரு எலிதானேம்மா. நிறைய இருக்கே" என்றார் பேராசிரியர். குரலில் கடுமை இல்லை.

"இது நின்னுபோன எலி சார். இதுக்கு வலிப்பு வந்து மாசக்கணக்காச்சு. இது எப்படி நிறுத்திக்கிச்சுங்கிறதுதான் என் கேள்வி. ஆய்வகத்தோடது இல்ல. என்னோடது. இந்த அடுக்குல இருக்கறது பூரா என் கேள்விக்கான எலிங்க."

அந்த வயதான அம்மாள் கட்டியிருந்த கையைப் பிரித்தார் என்கிறாள் ரேவதி.

ஃபெலோஷிப் கிடைத்தது. நான் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் ஒரு துண்டு எடுத்துக் காகிதத்தின்மேலேயே வைத்துவிட்டீர்கள். "ஒரு உசிரு போனப்புறம்தான் எனக்கு வாய் வந்திருக்கு. இதுக்கு எதுக்கு ஸ்வீட்டு?" என்றீர்கள். காபி ஆறிப்போனது.

அதன்பிறகு வந்த நாட்களை நல்ல நாட்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். முழுக்க அப்படி இல்லை. அதே வளாகத்தில் தனி அறை கொடுத்தார்கள்; முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை. பேராசிரியர் உங்களோடு பேசுவதை நிறுத்தினார். கூட வேலை செய்தவர்கள் அவர் இருக்கும்போது உங்களைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. எலிகளைப் பிரிக்கும் நேரத்தில், வலிப்பு வரும் எலிகள் தன் ஆய்வகத்தின் சொத்து என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். நின்றுபோனவற்றைப் பற்றி, "அந்தக் கழிசடையை வேணும்னா எடுத்துக்கட்டும்" என்றாராம். உங்களுக்கு வேண்டியதும் அவைதான். ஆனால் அந்த வார்த்தை உங்களைத் தைத்தது. பல மாதம் கழித்தும், பேச்சு எங்கெங்கோ போய், "கழிசடைன்னுட்டாரே" என்று அங்கே வந்து நிற்கும்.

ரேவதி மட்டும் உங்களோடு வந்தாள். அப்பா பீன்யா தொழிற்பேட்டையில் அச்சு எந்திரத்தில் நின்று நின்று ஒரு காது போனவர். "எங்க வீட்ல எல்லாம் கத்தித்தான் பேசுவோம் மேடம், எலி செத்துடும்" என்று முதல் நாளே சொன்னவள். அவளை நீங்கள் திட்டிய அளவுக்கு யாரையும் திட்டிக் கேட்டதில்லை. சொன்னதைச் செய்துவிட்டு வந்து நிற்பாள், அதற்குத்தான் திட்டு. "நான் சொன்னதைச் செஞ்சியே, நீ என்ன கேட்ட?" என்பீர்கள். ஒருநாள் அவள் எரிச்சலில், "சரி மேடம், தாய் மாறினா என்ன ஆகும்னு கேக்கறேன். நின்னுபோன எலிகிட்ட வலிப்பு வர்ற குட்டியை விட்டு வளத்தா?" என்றாள். நீங்கள் திட்டுவதை நிறுத்திவிட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டீர்கள். அப்போது நானும் அந்த அறையில் இருந்தேன்.

வலிப்பு வரும் குட்டிகளுக்காக அவள் பேராசிரியரின் கதவைத் தட்டினாள். அவளுக்கு அவர் கொடுத்தார். இதையும் எழுத வேண்டும்.

மூன்றாம் வருஷம் உங்கள் வயிற்று வலி ஆரம்பித்தது. கணையத்தில் புற்று என்றார்கள். கண்டுபிடித்தபோதே அறுவைக்கு நேரம் தாண்டியிருந்தது. நீங்கள் மருத்துவரிடம் கேட்டது எவ்வளவு நாள் என்பது மட்டும். பதிலைக் கேட்டுக்கொண்டு, ரேவதியின் பரிசோதனை முடிய எவ்வளவு நாள் ஆகும் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்தீர்கள் என்று உங்கள் அக்கா சொன்னார். அதற்கு நாள் போதவில்லை என்பது உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

ஃபெலோஷிப்பின் மிச்ச வருஷங்களை வேறொருவருக்கு மாற்றித் தர விதியில்லை. அறையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். ரேவதி வேறு ஆய்வகம் தேட வேண்டும். இதெல்லாம் நீங்கள் இருக்கும்போதே நமக்குத் தெரியும். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில், காம்பவுண்ட் பக்கம் கட்டிலை இழுத்துப் போட்டிருந்தார்கள். சௌசௌ கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறியிருந்தது. அங்கே வைத்துத்தான், ரேவதியின் பரிசோதனையில் அதுவரை கிடைத்ததை வைத்து எழுதிய அந்தக் கடைசிக் கட்டுரையைத் திருத்தினீர்கள். நான் வந்தபோது ரேவதி கட்டில் ஓரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். என்னிடம் காகிதத்தை நீட்டினீர்கள். முதல் பெயர் பிறகு உங்களிடம் வந்து சேர்ந்த ஒரு மாணவனுடையது. கடைசிப் பெயர் ரேவதி. நடுவில், நாலு பேருக்கு மத்தியில், நீங்கள்.

"இது உங்க எலி, உங்க அறை, உங்க ஃபெலோஷிப். சொல்லுங்க சார் இவங்ககிட்ட" என்றாள் ரேவதி.

நான் நிருபன். கேட்க வேண்டியதைக் கேட்டேன். "இது உண்மையா டாக்டர், இல்ல போறப்ப குடுத்துட்டுப் போற பரிசா?"

உங்கள் கண்ணில் பழைய கோபம் வந்தது. சந்தோஷமாக இருந்தது எனக்கு. "இரக்கப்பட்டுப் பேரைப் போட்டா அது பொய். அந்தப் பொய்யை நான் ஒரு தடவை, மரியாதைக்காகப் போட்டுட்டேன். மறுபடி போடமாட்டேன். தாயை மாத்திப் பாக்கலாம்னு கேட்டது இவ. நான் படுத்துட்டப்புறம் ஆளுங்களை வச்சு நடத்தினதும் இவ. நீங்க அன்னிக்கு அந்த ரூம்லதானே இருந்தீங்க?"

இருந்தேன்.

"அப்ப எழுதிக்கோங்க. தலை அவ. நான் விருந்தாளி."

அதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டீர்கள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

உங்களை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்துக்குப் பேராசிரியர் வந்திருந்தார். கடைசி வரிசையில், வேப்ப மரத்தடியில் தனியாக நின்றார். நான் அவரைக் கவனித்தேன், தொழில் பழக்கம். வலது கையை இறுக்கி மூடியிருந்தார். விரல் இடுக்கில் சாவியின் நுனி தெரிந்தது. மண் தள்ளி முடிக்கும்வரை அந்தக் கையை அவர் திறக்கவில்லை. அதற்கு என்ன பொருள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். போன வருஷம் அவரும் போய்விட்டார். வலிப்பு வரும் எலிகளின் வம்சம் அதற்கு முன்பே, கவனிக்க ஆளில்லாமல் அற்றுப்போனது. நஞ்சப்பா உறுதி செய்தார். ஆக, அந்த முதல் எலியின் வழியில் மிச்சமிருப்பவை உங்கள் அடுக்கில் இருப்பவை மட்டுமே. இத்தனை நாள் அவற்றை யார் கேட்டுக் காப்பாற்றினார்கள் என்று விசாரித்தேன். தான் வேலை செய்த ஆய்வகங்களிலெல்லாம் கெஞ்சித் தீவனம் வாங்கி, ரேவதி வாராவாரம் வந்து போயிருக்கிறாள்.

நேற்று அவள் அங்கேதான் இருந்தாள். தலையில் நரை கண்டிருக்கிறது. அதே ஃபெலோஷிப்புக்கு அவள் விண்ணப்பித்திருக்கிறாள். நேர்முகம் முடிந்துவிட்டது.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"அந்தக் கட்டுரையை எடுத்து வச்சுக்கிட்டு, இந்தக் கேள்வி யாரோடதுன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னோடதுன்னேன். சொல்லிட்டு வெளிய வந்து பாத்ரூம்ல போய் அழுதேன். மேடத்தோட எடத்துல ஏறி உக்காந்துட்ட மாதிரி இருந்துச்சு சார்."

அது உங்கள் இடம் இல்லை, நீங்களே அவளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன இடம் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஒரு கூண்டைக் கழற்றி, பழைய உமியைக் கொட்டிப் புது உமி போட்டாள். எலி அவள் மணிக்கட்டில் ஏறி நின்று காற்றை முகர்ந்தது. அவள் அதைத் தடவவில்லை. பழகக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ.

என்னிடம் உங்களுடையது என்று ஒரு பொருள்தான் இருக்கிறது. என் சாவிக்காக நீங்கள் தைத்துக் கொடுத்த பச்சை ஃபிளானல் பை. ஸ்கூட்டர் போய்விட்டது, வீடு மாறிவிட்டது, அலுவலக மேசையும் இப்போது எனக்கில்லை. எந்தச் சாவி வந்தாலும் அந்தப் பைக்குள் போகிறது. வீட்டில் சிரிக்கிறார்கள். சட்டைப் பையில் சாவி குலுங்கும் சத்தத்தை என்னால் இன்றுவரை தாங்க முடிவதில்லை. எங்காவது யாராவது குலுக்கினால், அடுத்த அறையில் ஏதோ விழப்போகிறது என்று உடம்பு எதிர்பார்க்கிறது. அப்போதெல்லாம் நீங்கள் சொன்னபடி, ஆரம்பத்தை விட்டுவிட்டு, நிற்பதற்காகக் காத்திருக்கிறேன்.

இன்னும் தெரியாதது ஒன்றுதான். ஃபெலோஷிப் முடிவு வருகிற வெள்ளிக்கிழமை மாலைக்குள் வரும் என்று அதன் அலுவலகம் ரேவதிக்குச் சொல்லியிருக்கிறது. கிடைத்தால் அட்டைகளை மாற்றி அவள் பெயரை எழுதி, எலிகளைப் புதுக் கட்டடத்துக்கு எடுத்துப் போவார்கள். கிடைக்காவிட்டால், வாயுப் பெட்டி சனிக்கிழமை காலை வருகிறது. இதைச் சொன்னவரும் நஞ்சப்பாதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அங்கே இருப்பேன், டாக்டர். சாவியை வாசலில் பையில் போட்டுவிட்டு.